கண்ணாடிக் குழாயும் சுவரொட்டியும்

தூத்துக்குடி மாவட்டத்து ஓட்டப்பிடாரம் பக்கம் புரட்டாசியும் ஐப்பசியும் விதைப்புக் காலம். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போகம் எடுக்கும் கரிசல் மானாவாரி. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மண்ணில் இறங்கும். மழை விழுந்து வளைக்குள் தண்ணீர் ஏறியதும் எலி வரப்புக்கு வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். களையெடுக்கக் குனிந்த கையும் அங்கேதான் போகும். குறுக்குச்சாலை, பசுவந்தனை, புதியம்புத்தூர், மணியாச்சி என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் கடிபட்டுப் பிழைத்தவர் கதையோ பிழைக்காதவர் கதையோ கிடைக்கும். கிழக்கே தருவைகுளத்தில் வலை உதறுகிறவர்களுக்குக் கடல் பாம்பு.

2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பலர் மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர்கள். அது தனிக் கதை. வாசலை மிதித்தவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதே இங்கே என் அக்கறை. ஏனென்றால், என்ன நடக்க வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் பெரிய சச்சரவு கிடையாது. 2009-லேயே தேசிய நெறிமுறை வந்துவிட்டது. பிறகு மத்திய சுகாதார அமைச்சகத்தின் தரச் சிகிச்சை வழிகாட்டி வந்தது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்காசியாவுக்கான வழிகாட்டியைப் புதுப்பித்தது. பாம்புக்கடி மரணத்தை 2030-க்குள் பாதியாகக் குறைப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2024 மார்ச்சில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தாளுக்குப் பஞ்சமில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு டியூட்டி டாக்டரும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும் மட்டும் இருக்கும் சின்ன மருத்துவமனையில் அந்தத் தாளின்படி நடக்க வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. தமிழ்நாடு இதற்குச் சில வழிகளைக் கண்டிருக்கிறது. அவற்றில் பாராட்ட வேண்டியது நிறைய. ஆனால் ஓட்டப்பிடாரம் போன்ற ஓர் ஊரில் நின்று பார்க்கும்போது அவற்றின் ஓட்டைகளும் கண்ணில் படுகின்றன.

முதலில் ஒரே ஒரு சோதனையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் ரத்தம் உறையும் தன்மை போய்விடும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. நோயாளியின் நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீராக வழிந்தால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். 1970-களில் ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளிலிருந்து உலகெங்கும் பரவிய முறை இது. இதைவிட மலிவான, இதைவிட எளிய சோதனை அவசர சிகிச்சையில் அநேகமாக வேறு இல்லை.

எளிது என்று சொன்னேனே, அங்கேதான் சிக்கல். குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும். ரத்தம் உறையத் தொடங்குவதற்குக் கண்ணாடியின் மேற்பரப்பே தூண்டுகோல். பிளாஸ்டிக் குழாயில் விட்டால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அப்படியே. ஆய்வகங்களுக்கு இப்போது வரும் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். ரத்தம் உறையாமலிருக்க உள்ளேயே மருந்து பூசியவையும் உண்டு. அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்தால் தவறான விடைதான் கிடைக்கும். இன்னொரு பக்கம், யாராவது ஐந்தாவது நிமிடத்தில் பொறுமையில்லாமல் ஆட்டிப் பார்ப்பார்கள். அல்லது அடுத்த கேஸ் வந்து நாற்பது நிமிடம் ஓடிப்போகும். சுவரில் கடிகாரம் நின்றுபோயிருக்கும். இவை எதுவும் நெறிமுறைப் புத்தகத்தில் இருக்காது.

இலங்கையில் நடந்த இரண்டு ஆய்வுகள் இந்த விஷயத்தை அப்படியே கண்முன் நிறுத்துகின்றன. கண்ணாடி விரியன் கடிபட்டு வந்தவர்களிடம், வார்டில் வழக்கமாகச் செய்யப்படும் இந்தச் சோதனை எந்த அளவுக்குச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்று ஓர் ஆய்வு பார்த்தது. உண்மையில் ரத்தம் உறையாமல் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினரை மட்டுமே சோதனை பிடித்தது என்று 2013-ல் எழுதினார்கள். மற்றவர்களுக்கு மருந்து தாமதமானது. சோதனையையே தூக்கிப் போட்டுவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. 2017-ல் இன்னோர் ஆய்வு வந்தது. இம்முறை எந்தக் குழாய், எவ்வளவு ரத்தம், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டு, பயிற்சி பெற்றவர்கள் செய்தார்கள். 82 விழுக்காடு பிடித்தது. நாடு ஒன்று, பாம்பு ஒன்று, சோதனையும் ஒன்று. குழாயும் கடிகாரமும் பழகிய கையும் சேர்ந்ததுதான் வித்தியாசம். மருத்துவ வழிகாட்டிகளைப் பின்பற்ற வைப்பது பற்றி மேடைகளில் பேசப்படும் பல மணி நேரப் பேச்சைவிட இந்த இரண்டு எண்களுக்கு எடை அதிகம் என்பது என் எண்ணம்.

தமிழ்நாடு இந்தப் பாடத்தை ஓரளவு முன்பே பிடித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலியோடு துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஒருவர் வந்தால், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புமுன் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் 14: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. மாரடைப்பு சிகிச்சை வழிகாட்டிகள் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீள்பவை. அவற்றில் கிராமத்து நர்ஸ் இரவிலும் செய்யக்கூடிய, செய்தால் பயன் உறுதியான ஒரு வரியைப் பிடுங்கி எடுத்து, மாத்திரைகளாக எண்ணிக் கையில் கொடுத்துவிட்டார்கள். நினைவில் வைக்க ஒன்றுமில்லை; தேடி எடுக்கவும் ஒன்றுமில்லை. நெறிமுறையைப் பொருளாக மாற்றுவது என்று இதைச் சொல்லலாம். மருந்து வாங்கி விநியோகிப்பதில் முப்பதாண்டு அனுபவம் உள்ள தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பின்னால் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

2017-18 வாக்கில் உருவாகி, மருத்துவமனைகளில் 'டி.ஏ.இ.ஐ.' என்று சுருக்கிச் சொல்லப்படும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டமும் அதே வழியில் யோசித்தது. விபத்துக் காயம், மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம், குழந்தைகளுக்கான அவசரம் என்று பகுத்துக்கொண்டது. வருகிறவரை நின்ற நிலையில் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறையை அரசு மருத்துவமனைகளுக்குள் கொண்டுவந்தது. முன்பெல்லாம் யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதல் பார்வை. அமைதியாகத் திண்ணையில் சாய்ந்து கிடப்பவர்தான் சாகக்கிடக்கிறார் என்பதைத் தரையில் போட்ட வண்ணக்கோடு நினைவுபடுத்துகிறது. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையும், விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டமும் (2021 டிசம்பரில் தொடங்கியது) இதற்குத் துணை நின்றன. பணம் யார் கட்டுவது என்ற பேச்சு வாசலிலேயே அடங்கிவிட்டால், டாக்டரின் கை நெறிமுறைப்படி ஓடுவதற்குப் பாதித் தடை நீங்கியது போலத்தான்.

இப்படி ஏற்பாடு செய்து பலன் கண்டதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2012-க்கும் 2014-க்கும் இடையே, மாரடைப்புக்காகப் பெரிய மருத்துவமனையையும் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலையாக இணைத்துப் பார்த்தார்கள். சின்ன மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியைப் பெரிய மருத்துவமனை நிபுணர் பார்ப்பார். செலவைக் காப்பீடு ஏற்கும். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் 17.6-லிருந்து 14.2 விழுக்காடாக இறங்கியிருந்தது. நூற்றுக்கு மூன்று உயிர் என்பது சிறிய எண் இல்லை.

ஆனால் இதற்கு நேர்மாறாக, சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, கூடவே ஆள் வைத்துப் பழக்கினால் போதும் என்ற நம்பிக்கை உலகெங்கும் ஒரு பத்தாண்டு கொடிகட்டிப் பறந்தது. அதற்கு விழுந்த அடியும் இந்தியாவில்தான் விழுந்தது. உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில், சுமார் 1.57 லட்சம் பிரசவங்களில், பிரசவ அறைப் பட்டியலை அறிமுகப்படுத்தி எட்டு மாதம் பயிற்சியாளர்கள் நேரில் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே குழுவின் முயற்சி அது. முடிவு 2017-ல் வந்தது. பட்டியல்படி நடப்பது உண்மையிலேயே கூடியது: இரண்டாம் மாதத்தில் 73 விழுக்காடு, பட்டியல் இல்லாத இடங்களில் 42. பயிற்சியாளர் வருவது நின்ற பிறகு அந்த 73 மெல்ல 62-க்கு இறங்கியது. அதைவிட முக்கியம், தாய்சேய் மரணமும் கடும் பாதிப்பும் சேர்ந்த அளவு இரண்டு பக்கமும் ஒன்றே: 15.1, 15.3. கேரளத்தில் 63 மருத்துவமனைகளில் 21,374 மாரடைப்பு நோயாளிகளிடம் இதே பாணியில் ஒரு தர மேம்பாட்டுப் பெட்டகத்தைச் சோதித்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, மற்றக் காரணிகளைக் கழித்துப் பார்த்தபோது நோயாளிகளின் கதியில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பட்டியலே பயனற்றது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அது அவசர முடிவு. உத்தரப் பிரதேச ஆய்வில் நர்ஸ் கையைக் கழுவினார், ரத்த அழுத்தம் பார்த்தார், பட்டியலில் குறித்தார். அழுத்தம் அதிகம் என்று கண்ட பிறகு என்ன? மருந்தும் ரத்தமும் அறுவைக்கு ஆளும் அங்கே இருந்தால்தான் அந்தக் குறிப்புக்குப் பொருள். நெறிமுறையைப் பின்பற்றுவது ஊழியரின் ஒழுக்கம் சம்பந்தப்பட்டது என்று பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாது. நம் ஆய்வுக் கூட்டங்களில் "நெறிமுறைப்படி ஏன் செய்யவில்லை?" என்று எழுந்து நிற்க வைத்துக் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் அந்தக் கண்ணிலிருந்து வருவது. "செய்ய முடியாதபடி எது இல்லாமல் போனது?" என்று கேட்டால் பதில் வேறாக வரும். சில சமயம் பதில் வெறும் கண்ணாடிக் குழாயாக இருக்கும்.

இனி ஓட்டைகள். முதல் ஓட்டை நெறிமுறையின் முதல் வரியிலேயே இருக்கிறது. எல்லா வழிகாட்டிகளும் நோயின் பெயரில் தொடங்குகின்றன. நோயாளியோ நோயின் பெயரோடு வருவதில்லை. கட்டுவிரியன் இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது, வலியும் இருக்காது. விடியற்காலை வயிற்றைப் பிசைகிறது, வாந்தி வருகிறது என்று எழுந்து வருவார். ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவில் பழி விழும். வாயுவுக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பினால், வீட்டுக்குப் போகும் வழியில் இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் இடத்தில் இவர் பச்சைக்குத்தான் போவார். பாம்புக்கடி நெறிமுறை எவ்வளவு அருமையாகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தாலும் இவருக்கு அது திறக்கப் போவதே இல்லை. போதாக்குறைக்கு, இருட்டில் பாம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்று "ஏதோ பூச்சி கடிச்சிட்டு" என்று சொல்லும் ஊர் இது. கரிசல் காட்டு மருத்துவமனையில் ஒட்ட வேண்டிய வரி வேறு: மழைக்காலத்தில், தரையில் படுத்தவர், விடியலில் வயிற்றுவலியோடு வந்தால் இமையைப் பார், கழுத்தைத் தூக்கச் சொல், சில மணி நேரம் படுக்க வை. இதைச் சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து எழுத முடியாது.

தருவைகுளம் இன்னோர் உதாரணம். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிராகச் செய்யப்பட்டது. இதற்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. கடல் பாம்புக்கு இது கேட்காது. கடல் பாம்பு கடித்தவருக்குத் தசை நோகும், சிறுநீர் கறுக்கும். அவருக்குத் தேவை சிறுநீரகத்தையும் மூச்சையும் காக்கும் கவனிப்பு. வலையில் கடிபட்டு வந்த மீனவருக்குப் பத்துக் குப்பி மருந்தை ஏற்றுவதால் ஒவ்வாமை ஆபத்து ஒன்றைத்தான் சேர்க்கிறோம். ஒரே வட்டாரத்தில் மேற்கே கரிசலும் கிழக்கே கடலும் இருக்கும்போது ஒரே சுவரொட்டி இரண்டுக்கும் பொருந்துமா?

அடுத்தது பயம். இதைப் பற்றி நெறிமுறைகள் மூச்சுவிடுவதில்லை. விஷம் ஏறியதற்கான அறிகுறி இருந்தால், தொடக்கத்தில் 8 முதல் 10 குப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். முன்பு வழக்கமாயிருந்த சோதனை ஊசி வேண்டாம் என்று வழிகாட்டி சொல்கிறது. அது ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்வதில்லை, நேரத்தைத் தின்கிறது. குழந்தைக்கும் பெரியவர் அளவேதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை. அட்ரினலின் ஊசி கையருகே தயாராக இருக்க வேண்டும். அறிவு இவ்வளவுதான். ஆனால் மருந்து ஏறும்போது கணிசமானவர்களுக்கு உடல் தடித்து, அழுத்தம் இறங்கி, மூச்சு திணறும். சமாளிக்கக்கூடியதுதான். சமாளிக்க வேண்டிய டாக்டர் பயிற்சி முடித்து இரண்டு வருடம் ஆனவர். அறைக்கு வெளியே இருபது பேர் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் "ஊசி போட்டதும் இப்படி ஆயிட்டு" என்பதுதான். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இரவு இரண்டு மணிக்குக் கதவருகே நிற்பதில்லை.

ஆகவே ரெஃபர். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 25, 30 கிலோமீட்டரில் இருக்கிறது, நான்குவழிச் சாலை இருக்கிறது, 108 இருக்கிறது. அனுப்பிவிடலாம் என்ற சபலத்துக்கு இந்த அருகாமையே காரணம். தொலைதூர மலைக்கிராமத்து டாக்டருக்கு அந்த வழி இல்லாததால் அவர் மருந்தை ஏற்றியே ஆக வேண்டியிருக்கிறது. வண்டி வந்து சேர, ஏற்ற, ஓட, இறக்க, அங்கே வரிசையில் பதிய, அங்கேயும் மறுபடி ரத்தம் எடுத்து இன்னொரு 20 நிமிடம் வைக்க என்று கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரம் சர்வசாதாரணமாகப் போகும். வழிகாட்டி இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது: அறிகுறி இருந்தால் முதல் மருந்தை ஏற்றிவிட்டு அனுப்பு. ஆரம்ப சுகாதார நிலையம் வரை விஷமுறிவு மருந்து இருக்க வேண்டும் என்பதும் மாநில அரசே அறிவித்த கொள்கைதான். மருந்து குளிர்ப்பெட்டியில் இருக்க, நோயாளி ஆம்புலன்ஸில் போவது எந்த நெறிமுறையிலும் இல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. அனுப்புவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசை தளர்கிறவருக்குச் செயற்கை சுவாசக் கருவி வேண்டும். அது பெரியாஸ்பத்திரியில்தான் உண்டு. வெறுங்கையோடு அனுப்புவதில்தான் குற்றம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு மீறல் இருக்கிறது. அதை யாரும் மீறலாகவே கருதுவதில்லை. கடித்த பாம்பெல்லாம் விஷம் இறக்குவதில்லை. அறிகுறி இல்லாவிட்டால் மருந்து வேண்டாம், 24 மணி நேரம் கண்காணி, ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதி என்கிறது வழிகாட்டி. ஆனால் கடிபட்டவர் படுத்திருக்க, ஊரே சுற்றி நிற்க, டாக்டர் ஒன்றும் செய்யாமல் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? "மருந்து போடாமச் சும்மா படுக்க வச்சிருக்காங்க" என்று குரல் எழும். அந்தக் குரலை அடக்க இரண்டு குப்பி ஏறும். விஷம் இல்லாதவருக்கு அது வீண். விஷம் இருப்பவருக்கு அது போதாது. இரண்டு பக்கமும் தவறான இந்த அளவு பல இடங்களில் நடுவழியாக நிலைத்துவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்ய வைப்பது கடினம் என்றால், செய்யாமல் இருக்க வேண்டியதைச் செய்யாமல் இருக்க வைப்பது அதைவிடக் கடினம். கூட்டத்திடம் ஒரு நர்ஸ் வந்து, "இருபது நிமிஷம் பொறுங்கண்ணே, இந்தக் குழாய்தான் சொல்லணும், நீங்களே பாருங்க" என்று குழாயைக் காட்டிப் பேசினால் பாதிப் பதற்றம் இறங்கும். அந்தப் பேச்சை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மிச்சமிருப்பது கணக்கு. திட்டங்கள் எல்லாம் எண்களைக் கேட்கின்றன: எத்தனை பேர் வந்தார்கள், எந்த நிறம், எத்தனை மணிக்கு, என்ன கொடுத்தீர்கள். கேட்பது நியாயம்தான், பதிவேடு இல்லாமல் எதையும் திருத்த முடியாது. பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கியதால், இதுவரை யாரும் எண்ணாத கடிகள் எண்ணப்படும். ஆனால் ரத்தம் வழிந்துகொண்டிருக்கும்போது நேரத்தைக் குறிக்க யாருக்கும் கை ஒழியாது. விடிந்தபின் டீ குடித்துவிட்டு எழுதப்படும் நேரங்கள் எல்லாம் வழிகாட்டியில் சொன்ன நேரத்துக்குள் அழகாக வந்து உட்கார்ந்துவிடும். இது உலகமெங்கும் உள்ள மருத்துவமனைப் பழக்கம். மேலே போகும் எண் ஒருபோதும் கீழே திரும்பி வருவதில்லை என்பதே பெரிய குறை. ஓட்டப்பிடாரத்திலிருந்து அனுப்பிய பெண் பிழைத்தாரா, சிறுநீரகம் போனதா, அனுப்புமுன் போட்ட மருந்து போதுமாயிருந்ததா என்பது அனுப்பிய நர்ஸுக்கோ டாக்டருக்கோ தெரிய வருவதில்லை. தான் செய்ததன் விளைவு தெரியாத ஒருவர் எத்தனை பயிற்சி வகுப்புக்குப் போனாலும் கை பழகாது.

என் தீர்ப்பு இதுதான். நெறிமுறையைப் பொருளாக மாற்றியது தமிழ்நாட்டின் நல்ல கண்டுபிடிப்பு. 14 மாத்திரைகள் அதற்கு நல்ல சாட்சி. அதிலும் எச்சரிக்கை தேவைதான். நெஞ்சுவலியெல்லாம் மாரடைப்பு ஆகாது, வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிபவருக்கு ஆஸ்பிரின் ஆகாது, ஈசிஜி இல்லாத இடத்தில் அந்தத் தராதரம் பார்ப்பது நர்ஸின் தலையில் விழுகிறது. இருந்தாலும் கணக்கில் லாபமே. பாம்புக்கடிக்கு அந்தக் கண்டுபிடிப்பைப் பாதியில் விட்டுவிட்டோம். மருந்தைக் குளிர்ப்பெட்டி வரை கொண்டுவந்தோம். அதை ஏற்றும் தைரியத்தைக் கொண்டுவரவில்லை. தைரியம் சுற்றறிக்கையால் வராது. ஒரு தட்டில் நான்கு கண்ணாடிக் குழாய், பேட்டரி போட்ட ஒரு கடிகாரம், ஊசியில் ஏற்றித் தேதி எழுதிய அட்ரினலின் வைத்தால் செலவு சில நூறு ரூபாய். மருந்து ஏற்றுமுன் தூத்துக்குடியில் டியூட்டியில் இருக்கும் மருத்துவப் பேராசிரியரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்கும் வழியும் வேண்டும். "ஏத்துங்க, நான் இருக்கேன்" என்று அவர் சொல்லி, அது கேஸ் ஷீட்டில் அவர் பெயரோடு எழுதப்பட்டால் இளம் டாக்டரின் பயம் பாதியாகும். மாரடைப்பு வலையில் ஈசிஜி போன வழி இதற்கும் திறக்கக்கூடியதே.

மாவட்டச் சுகாதார நிர்வாகத்திடம் கேட்பது ஒன்றுண்டு. விஷ அறிகுறியோடு வந்தும் முதல் மருந்து ஏற்றாமல் மேலே அனுப்பப்பட்ட ஒவ்வொரு நோயாளியின் தாளிலும் ஏன் ஏற்றவில்லை என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும். குழாய் இல்லை, மருந்து தீர்ந்துவிட்டது, தனியாக இருந்தேன், பயந்தேன் என்று எதுவானாலும் சரி. எழுதியதற்காக யார் மீதும் மெமோ பாயக்கூடாது. அந்த வரிகளைப் பெரியாஸ்பத்திரி மருத்துவர்களும் வட்டார நர்ஸுகளும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கட்டும். அனுப்பப்பட்டவரின் கதி என்ன ஆயிற்று என்பதும் அங்கேயே சொல்லப்படட்டும். அடுத்த விதைப்புக்கு முன் இதைத் தொடங்கிவிடலாம். இதற்குப் புதிய திட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை.